நர்ஸம்மாவின் தங்கல் வீடு

“பூண்டு உரிக்க வருமா உனக்கு?” என்பதுதான் நர்ஸம்மா என்னிடம் முதன்முதலாகப் பேசியது. நான் யார், எந்த ஊர், கழுத்தில் தொங்கும் அட்டை எந்த நிறுவனத்தினுடையது என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்குத் தேவையாக இல்லை. கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலைக்கு ஏறும் ரோட்டை ஒட்டியிருந்த ஓட்டு வீட்டின் வாசலில், முறம் நிறையப் பூண்டைப் பரப்பி வைத்துக்கொண்டு, சாயம்போன நீலச் சேலையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே இரண்டு பெண்கள் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார்கள். அவர்களுக்குக் குழம்பு வைக்க வேண்டும்; கை போதவில்லை. நான் பையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து உரித்தேன். முறம் காலியான பிறகுதான், “இன்னா வெசயமா வந்த பாப்பா?” என்று கேட்டார். மலைப்பகுதியில் வேலை செய்கிற சிறிய அமைப்புகளைப் பார்த்துக் குறிப்பெடுக்க வந்திருப்பதாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “அமைப்பா? நாங்க மூணே பேரு. மூணாவது ஆளு சமையலுக்கு. அது இன்னைக்கி வரல, அதான் உன்ன உக்கார வெச்சேன்.”

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சின்னசேலத்துக்காரி. சென்னையில் தலைமையகம் வைத்திருந்த ஒரு பெரிய தொண்டு நிறுவனத்தின் கள்ளக்குறிச்சிக் கிளையில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஏசி இருந்தது, வாசலில் இரண்டு கார்கள் நின்றன. மலையில் என்ன செய்யலாம் என்று அங்கே வாரந்தோறும் பேசிக்கொண்டிருந்தோம். நர்ஸம்மாவோ பேசுவதற்கு நேரமில்லாமல் பல வருடங்களாக அதைச் செய்துகொண்டிருந்தார்.

அவர் அரசாங்கக் கிராம நர்ஸாக மலையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை, வலி எடுத்த ஒரு பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இறங்கியிருக்கிறார்கள். நர்ஸம்மா கூடவே நடந்திருக்கிறார். பாதி வழியில் அந்தப் பெண்ணின் கை தூளியிலிருந்து வெளியே விழுந்து தொங்கியது. அதை எடுத்து உள்ளே வைத்தாராம், மறுபடி விழுந்தது. “ரெண்டாவது தபா விழுந்தப்ப எனக்குத் தெரிஞ்சிபோச்சி” என்று மட்டும் சொன்னார். ஓய்வு பெற்றதும் மகனோடு போய் இருக்காமல், அடிவாரத்தில் அந்த ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். பிள்ளைத்தாச்சிப் பெண்கள் நாள் நெருங்குவதற்கு முன்னாலேயே கீழே வந்து தங்குவதற்கான வீடு. அங்கிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவிலேயே போய்விடலாம். பிள்ளை பெற்றுத் திரும்பி, உடம்பு தேறும்வரை இருந்துவிட்டு மலையேறலாம். மலை ஜனங்கள் அதைத் தங்கல் வூடு என்றார்கள்.

கேட்கும்போது எளிமையாக இருக்கிறது. ஆனால் தங்கல் வீட்டின் சூட்சுமம் வேறு இடத்தில் இருந்தது. எந்தத் தாயும் மற்ற பிள்ளைகளை மலையில் விட்டுவிட்டுப் பத்து நாள் முன்னால் இறங்கி வரமாட்டாள். புருஷன் கரும்பு வெட்டப் போயிருப்பான், மாமியாரால் முடியாது. அதனால் நர்ஸம்மா எல்லாரையும் வரச் சொன்னார். பெரிய பிள்ளைகள் வந்தார்கள், கிழவிகள் வந்தார்கள். ஒருத்தி ஆட்டோடு வந்தாள். பார்த்துக்கொள்ள ஆளில்லாத ஒரே ஆடு. அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவள் மலையிலேயே பிடிவாதம் பிடித்திருக்கிறாள். “சரி, அதையும் ஓட்டிகினு வா. அதுக்குத் தழை ஒடிச்சிப் போட்டா போச்சி” என்று சொல்லி அனுப்பினார் நர்ஸம்மா. ஆடு பின்கட்டில் முருங்கையைத் தின்றுகொண்டு நின்றது. அவளுக்கு இரண்டாவது குழந்தை சுகமாகப் பிறந்தது.

பெண்களை மலையிலிருந்து அழைத்துவந்தது சித்தி. அதே மலையைச் சேர்ந்தவர். தன் இளைய பிள்ளையைத் தங்கல் வீட்டில் இருந்துதான் பெற்றவர். மலையில் சின்ன வயதுப் பெண்களெல்லாம் அவரைச் சித்தி என்றே கூப்பிட்டதால் எங்களுக்கும் அவர் சித்திதான். ஊர் ஊராக நடப்பார். யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்கு முகம் வெளுத்திருக்கிறது என்று கண்ணாலேயே கணக்கு வைத்திருப்பார். அரிசி ஒரு ரைஸ்மில்காரர் வீட்டிலிருந்து வரும். காய்கறி, கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் கடை போட்டிருந்த ஒரு அம்மாவிடமிருந்து வாரம் ஒரு மூட்டை வரும். அந்த அம்மாவுக்குப் பிள்ளை இல்லை. மூட்டையை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, “பொண்ணா, பையனா?” என்று போன் போட்டுக் கேட்பார். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

இதையெல்லாம் நான் எழுதி அனுப்பினேன். சென்னையில் எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. டைரக்டரே நேரில் வந்து பார்த்தார்; கூடவே கேமராவோடு ஒருவர் வந்தார். இரண்டு கழிவறை, இரும்புக் கட்டில்கள், சமையலுக்கு இன்னொரு ஆள், மூன்று வருடத்துக்கு முழுப் பொறுப்பு என்று பேச்சு ஓடியது. நர்ஸம்மா கழிவறை என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிறைமாத வயிற்றோடு பெண்கள் கொல்லைக்கு நடப்பதுதான் அவருடைய பெரிய கவலை. ஆனாலும் அவர்கள் போன பிறகு தயங்கினார். “நல்லாத்தான் பேசுறாங்க பாப்பா. ஆனா மூணு வருசம் கழிச்சி?” என்றார்.

அப்போது நான் சொன்ன பதில் இன்றும் என் காதில் கேட்கிறது. “உங்களுக்கும் வயசாகுதுங்கம்மா. உங்களுக்கு அப்பறமும் இது நிக்கணும் இல்லையா? ஒரு பெரிய எடத்தோட கைகோத்துக்கிட்டாத்தான் நிக்கும்.” பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நீ சொன்னா சரி” என்றார்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. நான்தான் பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னேன். ஒரு நிபந்தனைக்கு வந்ததும் குரல் தானாகத் தணிந்தது. எங்கள் நிறுவனம் செலவேற்கும் பணிக்கு வேறு யாரிடமும் எந்த உதவியும் வாங்கக் கூடாது. நர்ஸம்மா உடனே கேட்டார்: “அப்ப அந்தக் காய்கறி அம்மாவ வேணாம்னு சொல்லணுமா?”

“கொஞ்ச நாளைக்குத்தானே” என்றேன்.

அவர் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். போனில் சொல்வது மரியாதையில்லை என்று மார்க்கெட்டுக்கே போனார். திரும்பி வந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “அது அழுதுச்சி பாப்பா. நான் குடுக்குறதுல இன்னா கொறைன்னு கேட்டுச்சி” என்றார். ரைஸ்மில்காரருக்கு வருத்தமில்லை. பெரிய இடம் வந்துவிட்டது, இனி நம் அரிசி எதற்கு என்று அவராகவே நிறுத்திக்கொண்டார்.

வாசலில் பலகை வந்தது. எங்கள் நிறுவனத்தின் பெயர் ரோட்டில் போகும் பஸ்ஸிலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. ஒப்பந்தத்துக்காக நர்ஸம்மா பதிவு செய்திருந்த அறக்கட்டளையின் பெயர் கீழே, மழைத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில், கிட்டப் போய்க் குனிந்தால் தெரியும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கழிவறை கட்டி முடித்த அன்று தானே கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். அந்தச் சந்தோஷம் உண்மையானது. அதை மறைத்து எழுதினால் அது நியாயமாகாது.

பிறகு விதிகள் வந்தன. கட்டிலுக்கு ஒரு பெண், கூட ஒரே ஒரு துணை. பிள்ளைகள் தங்கக் கூடாது. ஏதாவது ஆகிவிட்டால் நிறுவனத்துக்குக் கெட்ட பெயர். கால்நடை கூடவே கூடாது. சென்னையில் உட்கார்ந்து யோசிப்பவர்களுக்கு இவை நல்ல விதிகள்தாம். ஆனால் வருகிற பெண்கள் குறைந்தார்கள். நர்ஸம்மா பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் தன் செலவில் தங்க வைத்தார். ஆய்வுக்கு வந்த தலைமையக அதிகாரி அதைக் கண்டுபிடித்து எனக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை நான் நர்ஸம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “புள்ளைங்கள எங்க வுட்டுட்டு வருவாங்க பாப்பா?” என்று கேட்டார். நான் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

இரண்டாவது வருடம் சித்தியை எங்கள் நிறுவனமே களப் பணியாளராக எடுத்துக்கொண்டது. சம்பளம் மூன்று மடங்கு. சித்தி என்னிடம் சொல்லிவிட்டு நர்ஸம்மாவிடம் சொல்ல முடியாமல் வாசலிலேயே நின்றார். நர்ஸம்மாதான் கூப்பிட்டார். “இன்னாத்துக்கு அங்கயே நிக்கிற? போ. உனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது.” சித்திக்குக் கோட்டு, அடையாள அட்டை, கையில் ஒரு டேப்லெட் எல்லாம் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு அதில் ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று இலக்கு. ஒரு வீட்டில் உட்கார்ந்து, பயப்படும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேச அதில் இடமில்லை. “நான் இப்ப ஊரு ஊரா போறேன், ஆனா யாரையும் பாக்கறதில்ல” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் சென்னையில் ஒரு பெரிய கூட்டம். நர்ஸம்மாவையும் அழைத்திருந்தார்கள், மூன்று நிமிடம் பேச வேண்டும். மூன்று நிமிடத்துக்கு அவர் ஒரு வாரம் தயார் செய்தார். கிழித்த காலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதி, என்னிடம் காட்டாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் கடைசி வரிசையில் எங்களுக்கு இடம். திரையில் தங்கல் வீடு வந்தது, சித்தி வந்தார், கழிவறை வந்தது. எல்லாவற்றின் மேலும் எங்கள் நிறுவனத்தின் முத்திரை இருந்தது. இதை நாங்கள் உருவாக்கினோம் என்று டைரக்டர் பேசினார். நர்ஸம்மா மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினார். அவருடைய முறை வரும் நேரத்தில் சிறப்பு விருந்தினர் கிளம்ப வேண்டியதாயிற்று. ஒரு நிகழ்ச்சியைக் குறைக்கச் சொல்லி எனக்குச் சீட்டு வந்தது. பேசுகிறவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்பதால் அது என் கையில் இருந்தது. மற்றவர்களெல்லாம் பெரிய பெயர்கள். நான் நர்ஸம்மாவின் பெயரை அடித்தேன். அவர் பக்கத்து நாற்காலியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

திரும்பும்போது உளுந்தூர்பேட்டையில் பஸ் டீக்கு நின்றது. சாயங்கால வெயிலில் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. பெஞ்சில் உட்கார்ந்ததும் நர்ஸம்மா தாளை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எழுதினது வீணாப் போவக்கூடாது. நீயாவது கேளு” என்று படித்தார். “மலையில இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்காதீங்க. எப்ப வரணும்னு அவங்களுக்குத் தெரியும். வந்தா எங்க குந்துறதுன்னுதான் தெரியல. ஒரு வூடு இருந்தா போதும். நல்ல வூடாக்கூட இருக்க வேணாம். வான்னு கூப்புட ஒரு ஆளு இருந்தா போதும்.” அவ்வளவுதான். லாரிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. தாளை வாங்கிப் பிறகு நானே படித்துக்கொண்டேன்.

மூன்றாவது வருடம் முடியும் முன்பே, நிறுவனம் இனி வேறு மாவட்டத்தில் கவனம் செலுத்தப் போவதாகச் செய்தி வந்தது. எதுவும் சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. பணம் கொடுக்கிறவர்களுக்கு இப்போது குடிநீரில் ஆர்வம், அவ்வளவே. முடிவறிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. ‘உள்ளூர் மக்களின் ஆதரவோடு இப்பணியைத் தொடர்ந்து நடத்தும் வலிமையை உள்ளூர் அமைப்பு பெற்றுவிட்டது’ என்று ஒரு வாக்கியம் அதில் வேண்டும் என்றார்கள். அது இல்லாவிட்டால் திட்டம் தோல்வி என்று ஆகும். தோல்வியடைந்த திட்டத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு அடுத்த திட்டத்தில் இடம் கிடைக்காது. அப்பா படுத்த படுக்கையாக இருந்த நேரம் அது. எழுதினேன். நர்ஸம்மாவின் கையெழுத்தும் தேவைப்பட்டது. எடுத்துக்கொண்டு போனேன். அடுப்பிலிருந்து எழுந்து வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தார். படிக்காமலேயே போட்டார் என்றுதான் அன்று நினைத்தேன்.

கார்கள் போயின. பலகையைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கட்டில்களும் நிறுவனச் சொத்துப் பட்டியலில் இருந்ததால் போயின. நர்ஸம்மா ரைஸ்மில்காரரிடம் போனார். “இப்ப கோயில் அன்னதானத்துக்குக் குடுக்கறோமேம்மா. நீங்கதான் அன்னைக்கி வேணாம்னுட்டீங்க” என்றார் அவர். காய்கறி அம்மாவைத் தேடிப் போனபோது, கடையில் அவருடைய தம்பி மகன் உட்கார்ந்திருந்தான். போன மாசி மாதமே அவர் இறந்துவிட்டிருந்தார். கடைசிவரை, மலைப் பெண்களுக்குக் குழந்தை பிறந்த செய்தி தனக்கு வருவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நர்ஸம்மா பஸ் ஏறாமல், மார்க்கெட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டையும் தாண்டி வெகுதூரம் நடந்துபோய்விட்டு, பிறகு நினைவு வந்து திரும்பினாராம்.

தன் ஓய்வூதியத்திலேயே சில மாதம் ஓட்டிப் பார்த்தார். பிறகு ஓட்டு வீட்டைக் காலி செய்தார். சித்தியின் வேலையும் திட்டத்தோடு முடிந்திருந்தது. அவர் கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போய்விட்டார். மலையிலிருந்து கேட்டுவந்தவர்களுக்குக் கீழே இனி இடமில்லை என்ற பதில்தான் கிடைத்தது; அது ஊர் ஊராகப் பரவியது.

அந்த மழைக்காலத்தில்தான், ஆட்டோடு வந்தவள் மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். விடிகாலையில் வலி எடுத்திருக்கிறது. ஜீப் கிடைத்து இறங்கும்போது ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம் ஜீப், அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ். ஜீப்பிலேயே குழந்தை பிறந்தது. மரத்தை வெட்டி வழி செய்து முடிக்கும்போது அவளுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. குழந்தை பிழைத்தது.

செய்தி கேட்டு நர்ஸம்மா போனார். நானும் கூடப் போனேன். கரியாலூரில் படகு விடும் இடத்தில் சுற்றுலா வந்தவர்கள் மக்காச்சோளம் தின்றுகொண்டு நின்றார்கள். அதைத் தாண்டி மண் பாதையில் இறங்கி நடந்தோம். புருஷன் குடிசை ஓரத்தில் குந்தியிருந்தான். நர்ஸம்மாவைக் கண்டதும் எழுந்து நின்றான். அவன் யாரையும் குறை சொல்லவில்லை. “கீழ எடம் இல்லன்னாங்க நர்ஸம்மா. சரி, வலி வரட்டும், அப்பறம் போலாம்னு இருந்துட்டம்” என்றான். நர்ஸம்மா குழந்தையை வாங்கி மடியில் போட்டு, துணியை விலக்கி, தொப்புளைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கால் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். ஒரு நர்ஸ் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்த பிறகு, செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல், அந்தக் குழந்தையின் மேலேயே குனிந்துகொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். சத்தமே இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

நான் வேலையை விட்டேன். உடனே அல்ல, அப்பா போன பிறகு, ஒரு வருடம் கழித்து. இப்போது சின்னசேலத்தில் ஒரு பள்ளியில் கணக்கெழுதுகிறேன். நர்ஸம்மா உளுந்தூர்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். பலமுறை போவதற்குக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்பியிருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயேவிட்டேன். முட்டி வலியால் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். “இளைச்சிட்டியே பாப்பா. சாப்புட்றியா இல்லியா?” என்றார். மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதும், இத்தனை வருடம் உள்ளே வைத்திருந்ததைச் சொன்னேன். அந்த அறிக்கையில் இருந்த வாக்கியம் என்னுடையது; நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள்; நான் உங்களுக்குப் படித்துக் காட்டவில்லை.

அவர் காபியை ஆற்றிக்கொண்டே, “படிச்சேனே” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“மூணு வருசமா உங்க தாளப் பாத்துகினு இருந்தேன். அந்த ஒரு வரி எனக்குப் புரியாமலா போவும்? நீ அன்னைக்கி கண்ணெல்லாம் செவந்துபோயி வந்து நின்ன. உங்கப்பா வேற படுத்துகினு இருந்தாரு. நான் போட மாட்டேன்னு சொல்லியிருந்தா உன் வேல போயிருக்கும். போட்டாலும் போடாட்டியும் அவங்க நிக்கப் போறதில்ல. உனக்காவது இருக்கட்டும்னுதான் போட்டேன்.” சொல்லிவிட்டு, பெரிய விஷயமில்லை என்பதுபோல் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். “ஆறிப்போவுது, குடி.”

டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டேன். அவர் என் முழங்காலில் கை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. பழைய பட்டன் போன். மலையில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் கரியால் எழுதி வைத்திருக்கும் அந்த எண்ணை அவர் இன்னும் மாற்றவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாதத்துக்கு நாலைந்து பேர் கூப்பிடுகிறார்களாம். எடுத்துக் காதில் வைத்ததும் அவருடைய முதுகு நிமிர்ந்தது.

“யாரும்மா... எந்த ஊரு? எத்தினி மாசம்? தலப்புள்ளையா? அப்பிடியா, மூத்தது எங்க இருக்குது? கால் வீங்குதா? சாப்புட முடியுதா?” ஒவ்வொரு கேள்விக்கும் பதிலைப் பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒருமுறை சிரிக்கக்கூடச் சிரித்தார். ஆஸ்பத்திரிக்கு எப்போது போக வேண்டும், எந்த அறிகுறி வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு மறுமுனையில் அந்தப் பெண் ஏதோ கேட்டாள். நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“இல்லம்மா” என்றார். “இப்ப வூடு இல்ல.”

அதற்கு மேல் இரண்டு பக்கமும் பேச்சில்லை. ஆனாலும் அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பெண்ணாக வைக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.